தூதரம்மா வேண்டாமென்ற தண்ணீர்

திண்டுக்கல் ஜங்ஷனில் வண்டி நின்றதும் திலகம்மா பெட்டிகளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பிளாட்பாரத்துக் குழாயடிக்குப் போய், இரண்டு கையையும் குவித்து ஒரு வாய் குடித்தார். "பஞ்சக்கா, வாங்க, குடிச்சுப் பாருங்க. அதே ருசி!" என்று அத்தனை பேர் மத்தியில் சத்தமாகக் கூப்பிட்டார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் விற்றவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் பார்த்தால் கால் பின்னிக்கொள்ளும்.

திலகம்மா யாரென்று சொல்லிவிடுகிறேன். நம் அரசாங்கத்துக்காக வெளிநாடுகளில் வேலை பார்த்து, கடைசியில் தூதராகவே இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷத்தில் எட்டு நாடு. அந்த எட்டு நாட்டிலும் அவருக்கு அடுப்படியில் இருந்தவள் நான். பேர் பஞ்சவர்ணம். படிப்பு அஞ்சாம் வகுப்பு. இரண்டு பேருக்குமே சித்தையன்கோட்டையைத் தாண்டி ஒரு சின்ன ஊர்தான் பிறந்த ஊர். புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் நான் தனியாகக் கிடந்தபோது, திலகம்மாவைப் பெற்ற அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏ பஞ்சு, என் மகளுக்கு உலை வைக்கத் தெரியாது. எங்கெங்கேயோ போகப் போறாளாம். நீ கூடப் போயி ஒரு வருஷம் பாத்துக்க" என்றார். அந்த ஒரு வருஷம் போன மாசம்தான் முடிந்தது.

வெளிநாடு போய் வந்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு வெளிநாடு பழகிவிட்டது. மங்கோலியாவில் எங்கே நல்ல முட்டைக்கோஸ் கிடைக்கும் என்று கேட்டால் சொல்வேன். திண்டுக்கல்லில் எந்த பஸ் எந்த மூலையில் நிற்கும் என்று கேட்டால் தெரியாது. அதனால் திண்டுக்கல்லில் இருந்த இந்த ஐந்து நாளைத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வந்து இறங்கினோம். வெள்ளிக்கிழமை திலகம்மாவின் அம்மாவுக்குத் தெவசம். அண்ணன் ராசாங்கம் வீட்டில் வருஷா வருஷம் படையல் போடுகிறார்கள். அந்தப் படையல் சோற்றைத் திலகம்மா ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை. இந்தத் தடவை சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் டெல்லியில் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, மலைக்கோட்டை தெரிகிற மாதிரி ஒரு வாடகை வீடு பிடித்து வந்தது.

சாப்பிட்டால் போச்சு, இதில் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது சின்ன விஷயம் இல்லை. பெண் பார்க்கப் போனால்கூடச் சம்மதம் ஆகிற வரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். பகை என்று வந்துவிட்டால் அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. ராசாங்கம் அண்ணன் வீட்டில் திலகம்மா கை நனைத்துப் பதினாலு வருஷம் ஆகிறது.

அம்மா கண்ணை மூடிய நேரத்தில் நாங்கள் இருந்த நாட்டில் சண்டை மூண்டிருந்தது. பேர் வேண்டாம். அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டெல்லாம் முதலாளிமார் கையில். முதலாளிமார் ஓடிவிட்டார்கள். திலகம்மா துறைமுகத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தரிடமும் பேர், ஊர், அப்பா பேர் கேட்டு, ஊர் திரும்பத் தாள் எழுதிக் கொடுத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் போனை எடுத்தவள் நான். நடந்தே போய்ச் சொன்னேன்.

"எப்பக்கா?"

"விடியக்காலம்."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதியைக் குடித்து, மீதியில் முகத்தைக் கழுவிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து, "பேரு சொல்லுங்க தம்பி" என்றார். கடைசிக் கப்பல் போனபோது இங்கே பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் ஊருக்குப் போன் போட்டபோது அண்ணன் சொன்னது எனக்கும் கேட்டது. "ஊர்ப் பிள்ளைக அம்புட்டுப் பேரையும் அனுப்பி வைக்கத் தெரிஞ்சவளுக்கு, தன்னை அனுப்பிக்கத் தெரியலையாக்கும்? இனிமே என் வீட்டுல நீ கை நனைக்க வேணாம். உன் வீட்டுல நானும் நனைக்க மாட்டேன்." திலகம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதுதான் அவருடைய வேலையே. அன்றைக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். வீட்டில் இன்னும் அடுப்பு வரவில்லை. பிரியாணிக் கடைக்குப் போனோம். சின்னச் சின்னதாகச் சீரகச் சம்பா அரிசி, மிளகுக் காரம், வாழை இலை. எட்டு நாட்டில் எத்தனையோ அரிசியை இந்த ருசிக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன். வந்ததே இல்லை. பக்கத்து மேசையில் ஒருவர் சப்ளையரிடம், "ஏப்பா, எலும்பை எனக்குப் போட்டுட்டு கறிய யாருக்குப் போட்ட?" என்று சண்டை பிடித்தார். "உங்களுக்குப் பல்லு நல்லா இருக்குன்னு நம்பிப் போட்டேண்ணே" என்றார் சப்ளையர்.

முடித்துவிட்டு இலையை மடிக்கப் போன திலகம்மா கையை நிறுத்தினார்.

"எந்தப் பக்கமா மடிக்கணும் அக்கா? மறந்தே போச்சு."

"நல்லது பொல்லதைப் பொறுத்து. விசேஷச் சாப்பாடுன்னா நம்ம பக்கமா மடிக்கணும். மறுபடி வாரோம்னு அர்த்தம். துக்கவீடு, தெவசம்னா எதிர்ப் பக்கமாத் தள்ளி மடிக்கணும். இப்படிச் சோறு இனி வேணாம்னு அர்த்தம்."

"பிரியாணி?"

"பிரியாணி விசேஷம்தானேம்மா."

சிரித்துக்கொண்டே தன் பக்கமாக மடித்தார். வெளிநாட்டு விருந்துகளில் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தால் ஒரு சேதி, விரித்து வைத்தால் ஒரு சேதி. அதில் அவர் ஒரு நாளும் தப்பியதில்லை. சாப்பாட்டு மேசையில் தப்புப் பண்ணினால் பேச்சு மேசையிலும் தப்பாகும் என்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊருக்குப் புறப்பட்டோம். டவுன் பஸ்ஸில் ஏறியதும் திலகம்மா கண்டக்டரிடம் பர்ஸைத் திறந்தார். "பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லம்மா" என்றார் கண்டக்டர். "பரவாயில்லை, கொடுங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றார் இவர். "எடுக்கணும்னா அடுத்த பிறவியில ஆம்பளையாப் பிறந்து வாங்கம்மா, தாரேன்." பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூதர் வீட்டுக் காரில் கொடி பறக்கப் போனபோதுகூட அத்தனை பேர் எங்களைப் பார்த்ததில்லை.

செம்பட்டி தாண்டியதும் தென்னந்தோப்பும் சம்பங்கித் தோட்டமுமாக வந்தது. திலகம்மா மடியில் ஒரு பை. அண்ணனுக்கு வேட்டி, மதினிக்குச் சேலை. பெரிய ஆட்களைப் பார்க்கப் போகிறபோது செய்வது மாதிரி என்ன பேசுவது, எதைப் பேசக் கூடாது என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. உதடு மட்டும் அசையும்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து சம்பங்கியைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. எங்களைப் பார்த்து எழுந்தார்.

"வா" என்றார். "பஞ்சக்கா, வாங்க" என்றார். அவ்வளவுதான்.

மீனாட்சி மதினி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். மழை பெய்யாததைப் பேசினார்கள். பூ விலையைப் பேசினார்கள். அண்ணன் சட்டென்று எழுந்து உள்ளே போனார். நான் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். அங்கே பார்த்ததை முதலில் சொல்கிறேன். அண்ணன் தொட்டியடியில் குத்தவைத்து, ஒரு பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அவர்கள் அம்மாவின் சொம்பு. அதன் கழுத்தில் ஒரு ஒடுக்கு உண்டு, எனக்கு அடையாளம் தெரியும். மதினி, "குடுங்க, நான் தேய்க்கிறேன்" என்றார். "நீ போ" என்றார் அண்ணன். சொம்பு தங்கமாக மின்னுகிற வரைக்கும் விடவில்லை. கழுவி, பானைத் தண்ணீரை மொண்டு, வேட்டி நுனியால் அடியைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

நான் ஈரக்காலோடு பின்னாலேயே வந்தேன். அண்ணன் திலகம்மா முன்னால் சொம்பை நீட்டினார். 

திலகம்மா அதைப் பார்த்தார். மரியாதையாக, ரொம்ப மரியாதையாக, "வேணாண்ணே. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சேன்" என்றார்.

 அண்ணன் இரண்டு எட்டு நடந்து, சொம்புத் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார். "தோட்டத்துல ஜோலி கெடக்கு" என்று போய்விட்டார். வேட்டியும் சேலையும் பையிலேயே இருந்தன.

திரும்பி வருகிற பஸ்ஸில் திலகம்மா முகத்தில் ஒரு நிம்மதி. "பார்த்தீங்களா அக்கா, அண்ணன் போட்ட வார்த்தையை நான் மீறலை. அந்த மரியாதை அண்ணனுக்குப் புரியும். அடுத்து அவரே இறங்கி வருவாரு."

அவர் இறங்கி வந்ததுதாம்மா அந்தச் சொம்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கூடப்பிறந்தவர்கள் பேச்சில் நான் யார்? முப்பத்திரண்டு வருஷமாக விருந்து நடக்கிற கூடத்துக்குள் நான் பேச்சோடு போனதில்லை, பாத்திரத்தோடுதான் போயிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனசைக் குடைந்தது. இந்த அம்மா யார் வீட்டிலும் எதையும் வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. மங்கோலியாவில் கூடாரத்துக்குள் புளித்த குதிரைப்பால் கொடுத்தார்கள். நான் வாசனைக்கே வெளியே ஓடினேன். இவர் கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்டார். எத்தியோப்பியாவில் காப்பிக்கொட்டையை நம் முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று தடவை காய்ச்சித் தருவார்கள். மூன்றாவது கிண்ணத்துக்கு முன்னால் எழுந்தால் அவர்களுக்கு மனசு சங்கடப்படும். தூக்கம் கெட்டாலும் இவர் மூன்றையும் குடிப்பார். அப்படிப்பட்டவர் அண்ணன் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றுவிட்டார்.

புதன்கிழமை அடுப்பு வந்தது. பூட்டுக் கடைக்குப் போய் வாசலுக்கு ஒரு பூட்டும் வாங்கி வந்தோம். கடைக்காரர் பூட்டை என் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். "இதத் தொறக்குற நேரத்துல திருடன் ஒரு வேலைக்குப் போயிச் சம்பாதிச்சிருவான் தாயி."

மத்தியானம் வரைக்கும் அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. திலகம்மா கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். தன்னோடு வேலை பார்த்த ஒருவரை டெல்லிக்குக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினார். கேட்டுக் கேட்டு எனக்குப் பாதி இங்கிலீஷ் வரும். அந்த மனிதர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி: "இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்தியுங்கள். நடுவில் ஒருவரை வைத்துப் பேசுங்கள். முதல் அடியை அவர்களே எடுத்து வைத்ததாக அவர்கள் நினைக்கட்டும்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நடுவில் வைக்க ஆள் என்று பார்த்தால் மீனாட்சி மதினிதான். போனில் கூப்பிட்டார்.

"மதினி, நாளைக்கு அண்ணனைக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல் வாங்களேன். கடையில உக்காந்து நாலு பேரும் பிரியாணி சாப்பிடுவோம். அவுக வீடும் இல்ல, என் வீடும் இல்லை. சொன்ன வார்த்தைக்கும் பழுதில்லை."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மதினி, "ஏம் தாயி, கடையில தின்னா வயிறுதான நெறையும்? உங்க அண்ணனுக்கு இப்ப வயிறா பசிக்குது?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "வேணாமாம். ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாக. நேத்துல இருந்து அந்தச் சொம்ப வெளிய எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருக்காக."

திலகம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ ஒரு இடத்துல தப்பா அடி வச்சிட்டேன் அக்கா. எங்கன்னு தெரியலை."

இந்த அம்மாவுக்குத் தெரியாத வேலையா இது? ஒரு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு நாட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். "அக்கா, முதல்ல ரசம். டம்ளர்ல. கை பொறுக்காத சூடா இருக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தார். இரண்டு பேரும் குடிக்க முடியாமல் ஊதினார்கள். ஊதிக்கொண்டே எவ்வளவு நேரம் முறைப்பாக இருக்க முடியும்? ஒருவர் மிளகுக் காரத்தில் இருமினார், மற்றவர் கைக்குட்டையை நீட்டினார். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அதற்கப்புறம் அவர்கள் பேசியது என்ன ஆனதோ எனக்குத் தெரியாது. கைக்குட்டை போனது தெரியும்.

வியாழக்கிழமை சிறுமலைக்குப் போனோம். அம்மாவுக்குச் சிறுமலை வாழைப்பழம் என்றால் உயிர். "படையலுக்குப் பழமாவது என் கையால போகட்டும், மதினிகிட்டக் குடுத்துட்டு வாசலோட வந்துடுவோம்" என்றார் திலகம்மா. மலைக்கு பஸ் கொஞ்சம்தான். வளைந்து வளைந்து ஏறினோம். மேலே குளிர்ந்த காற்று, மிளகுக்கொடி, பலா. தோட்டத்துக்காரர் ஒருவரிடம் இரண்டு சீப்புப் பழம் வாங்கினோம். குட்டையாக, தோல் கறுத்துச் சுருங்கி, பார்வைக்கு ஒன்றுமில்லாத பழம். வாயில் வைத்தால்தான் தெரியும்.

இறங்கும்போது பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்து, "பெல்ட்டு அறுந்துபோச்சு. கீழ இருந்து வரணும். எல்லாரும் நெழல்ல உக்காருங்க" என்றார். பஸ்ஸில் இருந்த முக்கால்வாசிப் பேர் இது தினம் நடப்பது மாதிரி பாறை பாறையாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். போலந்தில் டிராம் இரண்டு நிமிஷம் தாமதம் என்றால் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மிளகு மூட்டையோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தார். தூக்கில் கேப்பைக்கூழ். ஒரு மூடியில் ஊற்றித் திலகம்மாவிடம் நீட்டினார்.

"இந்தாங்க தாயி. தொட்டுக்க வெஞ்சனம் பச்ச மொளகாதான். பட்டணத்து மூஞ்சியச் சுளிக்காமக் குடிக்கணும்."

"மூஞ்சியா? மொளகாயைக் குடுங்க இங்க" என்று வாங்கி, மிளகாயைக் கடித்து, மடமடவென்று குடித்தார் திலகம்மா. அந்தப் பொம்பளை தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எனக்குள் என்னவோ அறுந்தது. பெல்ட்டு மாதிரியே.

"பேர் தெரியாதவுக கையில வாங்கிக் குடிக்கிறீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "உங்க அண்ணன் கையில ஏம்மா வாங்கலை?"

திலகம்மா மூடியைக் கீழே இறக்கினார். "அக்கா, அவருதானே சொன்னாரு, என் வீட்டுல…"

"சொன்னாருதான். அம்மா சொம்பைக் கொல்லையில குத்தவச்சுப் புளி போட்டுத் தேச்சதும் அவருதான். மதினியக்கூடத் தொட விடலை. நான் பாத்தேன். தானே மொண்டு, தானே கொண்டாந்தாரு. நீங்க வேணாம்னதும் செடிக்கு ஊத்துனாரு. அந்நேரமே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரலை. என்னய மன்னிச்சுக்கங்கம்மா."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மிளகாய்க் காரத்தில் கண்ணில் தண்ணீர் என்று அந்தப் பொம்பளை நினைத்து, "இன்னுங் கொஞ்சம் கூழு ஊத்தவா தாயி?" என்றார்.

"இப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டார் திலகம்மா. எட்டு நாட்டில் எத்தனையோ அதிகாரிகள் இவரிடம் கேட்ட கேள்வி. என்னிடம் இவர் கேட்கிறார்.

"மறுபடியும் அவரு கொண்டாந்து நீட்ட மாட்டாரு. நீங்கதான் போயிக் கேக்கணும்."

"என்ன கேக்க?"

"தண்ணி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

சிரித்தார். "முப்பத்திரண்டு வருஷத்துல நமக்கு வேணும்னு வாய் விட்டு நான் எதையும் கேட்டதே இல்லை அக்கா. அவங்களா குடுக்கிற மாதிரித்தான் பண்ணியிருக்கேன். கேட்டா விலை ஏறிடும்னு சொல்லிக் குடுத்தாங்க."

பெல்ட் வரவில்லை. பலாப்பழம் ஏற்றி வந்த ஒரு ஜீப்பில் எங்களைத் திணித்துக் கீழே இறக்கினார்கள். என் மடியில் வாழைப்பழம், திலகம்மா மடியில் யாருடையதோ ஒரு பலாப்பழம். வளைவுக்கு வளைவு பலா முள் குத்த, "அக்கா, தண்ணின்னு எப்படிக் கேக்கணும், 'தா'ன்னா, 'தாங்க'ன்னா?" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊர் வரைக்கும் போகாமல், பாதி வழியில் இறங்கி நடந்து போகலாம் என்றார். வேண்டாம் வெயில் என்றேன். "தாகம் எடுக்கட்டும் அக்கா. பொய்யாக் கேக்கக் கூடாது" என்றார். ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் கையில் எடுக்கவில்லை. வாய்க்கால் கரையோடு நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் நாக்கு வறண்டு கிடந்தது.

வாசலில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். உள்ளே படையல் முடிந்து சாம்பிராணி வாசனை. மதினி எங்களைப் பார்த்துவிட்டுக் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணன் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திலகம்மா படியேறவில்லை. கருவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, தாகமா இருக்கு. தண்ணி குடு" என்றார். ஒத்திகை பார்த்த மாதிரி எதுவும் வரவில்லை. சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி வந்தது.

 அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார்.  தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்று பழப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு வேணாம்னியே?" என்றார் அண்ணன்.

"நீதானண்ணே சொன்ன, உன் வீட்டுல நான் கை நனைக்கக் கூடாதுன்னு."

"நான் சொன்னா?" அண்ணன் குரல் உடைந்தது. "நான் என்ன கவர்மெண்டா, ஒரு வார்த்த சொன்னா பதினாலு வருஷம் அப்படியே கேட்டுக்கிட்டு இருக்குறதுக்கு? உன்னைய நான் திட்டுனா திருப்பித் திட்டத் தெரியாதா? வந்து வாசல்ல நின்னு கத்தியிருக்கலாம்ல?"

"கத்த எனக்குச் சொல்லிக் குடுக்கலையேண்ணே."

"என்ன படிச்சியோ" என்றார். உள்ளே போனார். வந்தபோது கையில் அந்தச் சொம்பு. கழுத்து ஒடுக்கில் வெயில் பட்டது. திலகம்மா இரண்டு கையையும் குவித்தார். அண்ணன் ஊற்றினார். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். முழங்கை வழியாக வடிந்து சேலை நனைந்தது.

"அம்மா கடைசியாத் தண்ணி கேட்டுச்சா அண்ணே?" என்றார் திலகம்மா, வாயைத் துடைக்காமல்.

"கேட்டுச்சு. இதுலதான் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணு எனக்கு, ஒண்ணு திலகத்துக்குன்னு சொல்லித்தான் ஊத்துனேன்" என்றார்.

அதற்குமேல் வாசலில் நடந்ததை எழுத எனக்குத் தெரியாது. மதினி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்ததை மட்டும் எழுதுகிறேன். பிறகு அவரேதான், "போதும், சோறு ஆறுது, உள்ள வாங்க" என்று எல்லாரையும் விரட்டினார். நான் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் போனேன். அண்ணன் என்னைத் தடுத்து, திலகம்மாவுக்கு இந்தப் பக்கம் தனக்கும் அந்தப் பக்கம் எனக்கும் இலை போடச் சொன்னார். "அம்மா அனுப்புன ஆளு நீங்க. உக்காருங்க பஞ்சக்கா." ஒரு வீட்டுப் பந்தியில் திலகம்மாவும் நானும் ஒரே வரிசையில் இலை போட்டுச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மொச்சைக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாசிப்பருப்புப் பாயசம், ஓரத்தில் சிறுமலைப் பழம். குழம்பில் ஒரு கல் உப்பு கூடுதல். நான் சொல்லவில்லை. திலகம்மா சோறு இரண்டாம் தடவை வாங்கினார், மூன்றாம் தடவையும் வாங்கினார். மூன்று கிண்ணம் காப்பி குடிக்கிற ஊரை நினைத்துக்கொண்டேன். ஆனால் இது மரியாதைக்குச் சாப்பிட்ட சாப்பாடு இல்லை. அவருக்குச் சோறு போட்ட எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

முடிந்ததும் திலகம்மா இலையின் மேல் ஓரத்தைப் பிடித்தார். தன் பக்கமாக இழுத்து மடித்தார்.

எதிரில் இருந்த சின்னம்மா ஒருவர் பதறிப்போனார். "அடியே, இது தெவச இலைடி! அந்தப் பக்கமால்ல தள்ளி மடிக்கணும்! வெளிநாடு வெளிநாடுன்னு சுத்தி எல்லாத்தையும் மறந்துட்டா!"

நாலு நாளைக்கு முன்னால் நானே சொல்லிக் கொடுத்தது. மறக்கிற ஆள் இல்லை திலகம்மா. மடித்த இலை மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

"விடு சின்னம்மா" என்றார் அண்ணன். திலகம்மாவின் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இலையின் மேல் ஓரத்தைப் பிடித்து, தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.

வரிசையில் என் இலை மட்டும் பாக்கி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் கால் பின்னியது. பின்னினால் பின்னட்டும் என்று நானும் என் பக்கமாகவே மடித்தேன்.